மருந்தை எடுக்கும் முன் பூச்சியைப் பார், தம்பி

தம்பி, உன் தொட்டிக்குள் பொடிப் பொடியாக ஏதோ ஊருகிறது என்று தெரிந்த மறுநிமிடம் உன் கை எங்கே போகும் என்று எனக்குத் தெரியும். கரப்பானுக்கு வாங்கி வைத்த ஸ்ப்ரே, அடுப்படி ஓரத்து எறும்புச் சாக்பீஸ், பீரோவில் கிடக்கும் அந்துருண்டை. மூன்றும் இருந்த இடத்திலேயே இருக்கட்டும். ஊர்வன வளர்க்கும் வீட்டில் பூச்சியால் சாகிற பிராணியை விட, பூச்சிக்கு அடித்த மருந்தால் சாகிற பிராணியைப் பற்றித்தான் எனக்குக் கவலை அதிகம்.

காரணம் எளிது. ஸ்ப்ரேயிலும் சாக்பீஸிலும் இருப்பது பெரும்பாலும் பைரித்ராய்டு வகை நஞ்சு. கூடத்தில் அடித்தால் ஜன்னல் வழியே போய்விடும். இரண்டடிக் கண்ணாடித் தொட்டிக்குள் அடித்தால் எங்கே போகும்? அதிலும் பாம்பும் பல்லி இனமும் நாக்கை நீட்டித்தான் உலகத்தை அறிகின்றன. நீ கிழித்த சாக்பீஸ் கோட்டை அவை தொடாமல் இருக்காது. அந்துருண்டையும் கற்பூரமும் ஆவியாகி வேலை செய்பவை. அந்த ஆவியை நாள் முழுக்க மூச்சிழுக்கப் போவது உள்ளே அடைபட்டிருக்கும் பிராணிதான். சாம்பிராணி, வேப்பிலைப் புகை எல்லாம் மாட்டுக் கொட்டகையோடு நிற்கட்டும். மஞ்சள் தண்ணீர் தெளிக்கலாமே என்று அம்மா சொல்வாள். அதில் விஷம் இல்லை, ஆனால் தொட்டியில் ஈரம் கூடும். ஈரம்தான் உன் பிரச்சினையே.

முதலில் ஊருவது எது என்று பார்க்க வேண்டும். இரவில் விளக்கை அணைத்து ஒரு மணி நேரம் கழித்துப் போ. டார்ச்சைச் சாய்வாகப் பிடி. பகலில் அடியில் பதுங்குவதெல்லாம் அப்போது மேலே வந்திருக்கும். செல்லோ டேப்பை அதன் மேல் மெல்ல ஒற்றி எடுத்து வெள்ளைத் தாளில் ஒட்டி, போன் கேமராவில் பெரிதாக்கிப் பார். மூன்று விஷயத்தைக் கவனி: அது மண்ணில் இருக்கிறதா, பிராணியின் உடம்பில் இருக்கிறதா; ஊர்கிறதா, ஓடுகிறதா, துள்ளுகிறதா; ஈரமான வெள்ளை டிஷ்யூவில் வைத்து நசுக்கினால் என்ன நிறம் வருகிறது. மூட்டைப்பூச்சியை நசுக்கியது போலச் செம்பழுப்புத் தீற்றல் வந்தால் அது ரத்தம் குடித்த பூச்சி. அந்தக் கதையைப் பிறகு சொல்கிறேன். பெரும்பாலும் அந்த நிறம் வராது.

வெள்ளையாக, ஒன்றிரண்டு மில்லிமீட்டர் நீளத்தில், விரலைக் கொண்டு போனதும் துள்ளி விழுகிறதா? தண்ணீர்க் கிண்ணத்தில் விழுந்தாலும் மூழ்காமல் மிதக்கிறதா? அது ஸ்பிரிங்டெயில். வயிற்றுக்கு அடியில் மடக்கி வைத்த ஒரு வால் போன்ற உறுப்பை உதைத்துத்தான் அது எம்பும். பூஞ்சையையும் மட்கியதையும் தின்று பிழைக்கும், யாரையும் கடிக்காது. வெளிநாட்டில் இதைக் காசு கொடுத்து வாங்கித் தொட்டியில் விடுகிறார்கள், பூஞ்சையைத் தின்று சுத்தமாக வைத்திருக்கும் என்று. உனக்கு இலவசமாக வந்திருக்கிறது, விட்டுவிடு.

சாம்பல் நிறத்தில், தலை சற்றுப் பெருத்து, சுவரோரம் விடுவிடுவென்று ஓடினால் அது புத்தகப் பேன். பெயர்தான் பேன், ரத்தம் குடிக்காது. பழைய புத்தகத்திலும் அரிசி டப்பாவிலும் பார்த்திருப்பாய். இதற்கும் தீனி பூஞ்சைதான். ஈரம் குறைந்தால் தானே போய்விடும்.

மூன்றாவது ஆள்தான் நெல் விளையும் நம் ஊரில் அதிகம். நீ பியர்டட் டிராகனுக்குத் தீனியாக மீல்வோர்ம் புழு வளர்க்கிறாய் அல்லவா, அந்த டப்பாவைத் திறந்து ஓரத்தில் படிந்திருக்கும் வெளிர்பழுப்புத் தூளை உற்றுப் பார். தூள் அசைந்தால் அது தானியப் பூச்சி, தவிட்டு மைட்ஸ். மில்லிலிருந்து மாட்டுக்கு வாங்கிய தவிட்டையே புழுவுக்கும் போட்டால் இது கட்டாயம் வரும். பிராணியின் ரத்தத்தை இது தொடாது என்றாலும் லட்சக்கணக்கில் பெருகினால் புழுக்களை நசித்துவிடும். உனக்கும் தும்மலும் அரிப்பும் வரும். இதற்கு மருந்து அடுப்படியிலேயே இருக்கிறது. தவிட்டை வாணலியில் எண்ணெய் விடாமல் கை பொறுக்காத சூடு வரும்வரை வறுத்து, நன்றாக ஆறவிட்டுப் போடு. அடுப்பு வேண்டாம் என்றால் பாலித்தீன் பையில் கட்டி ஃப்ரீஸரில் மூன்று நாள் வை. புழுவுக்கு ஈரத்துக்காகப் போடும் கேரட், உருளைக்கிழங்குத் துண்டை மறுநாள் எடுத்துவிடு. இந்த மைட்ஸ் காற்றில் உள்ள ஈரத்தை உறிஞ்சித்தான் வாழ்கிறது. டப்பா உலர்ந்தால் அதற்கு வாழ்வு இல்லை.

ஈரம் ஈரம் என்று சொல்லிக்கொண்டே இருக்கிறேனே, ஏன்? நீ இருப்பது நாகப்பட்டினம். நமக்கு மழையின் பெரும்பங்கு ஐப்பசி, கார்த்திகையில்தான் கொட்டுகிறது. மழை இல்லாத நாளிலும் கடல் காற்று உப்பையும் ஈரத்தையும் சுமந்து வந்து துணியைக்கூடக் காயவிடாது. பியர்டட் டிராகன் ஆஸ்திரேலிய உள்நாட்டு வறண்ட நிலத்துப் பிராணி. லெப்பர்ட் கெக்கோ ஆப்கானிஸ்தான், பாகிஸ்தான் பக்கத்துக் கல்லுக் காட்டில் வாழ்வது. இவற்றுக்குத் தேங்காய்த் துகளைக் கொட்டி, மேலே தண்ணீரும் தெளித்து வைத்தால் மழைக்காலத்தில் அது பூச்சிப் பண்ணைதான். யூடியூபில் அழகாகத் தெரிகிறது என்பதற்காக நாகையில் அதைச் செய்யாதே. ஐப்பசி முதல் மார்கழி வரை வறண்ட நிலத்துப் பல்லிகளுக்கு அடியில் வெறும் டைல்ஸ் போதும். துடைக்க ஐந்து நிமிடம், பதுங்க இடமே இல்லை. தோல் உரிக்கும்போது தேவைப்படும் ஈரத்துக்கு மூடியுள்ள ஒரு சிறு டப்பாவில் மட்டும் நனைந்த துகளோ பாசியோ வை.

பால் பைதானுக்கும் இகுவானாவுக்கும் ஈரம் வேண்டும், அங்கே தேங்காய்த் துகளைத் தவிர்க்க முடியாது. வாங்கிய கட்டியை அப்படியே ஊறவைத்துப் போடாமல், கொதிக்கும் தண்ணீர் ஊற்றி மூடி வைத்து, ஆறியதும் கைப்பிடியாகப் பிழிந்து போடு. பிழிந்தால் சொட்டக் கூடாது. சித்திரை வெயிலில் மொட்டை மாடியில் கறுப்பு பாலித்தீன் பையில் கட்டிப் போட்டாலும் வேலை நடக்கும். ஒன்றை மறக்காதே, வெயிலில் போடுவது துகளை மட்டும்தான். பிராணி உள்ளே இருக்கக் கண்ணாடித் தொட்டியைத் தூக்கி வெயிலில் வைத்தால் சில நிமிடங்களில் வெந்து செத்துவிடும். பூச்சி போகட்டும் என்று இதைச் செய்கிறவர்கள் இருக்கிறார்கள்.

இனி அந்தச் செம்பழுப்புத் தீற்றல்.

அதற்குப் பாம்பு மைட்ஸ் என்று பெயர், விலங்கியலில் ஓஃபியோனிஸஸ் நேட்ரிசிஸ். உலகம் முழுக்க வளர்ப்புப் பாம்புகளோடு பரவியது இது. பல்லி இனத்தையும் விடாது. வயிறு நிறைந்த பெண் பூச்சியே ஒரு மில்லிமீட்டரைச் சற்றுத் தாண்டும், கறுப்பாகப் பளபளக்கும். கண்ணைச் சுற்றி, தாடைக்கு அடியில் உள்ள மடிப்பில், செதில்களின் இடுக்கில் உட்கார்ந்திருக்கும். பாம்பு வழக்கத்துக்கு மாறாகத் தண்ணீர்க் கிண்ணத்திலேயே நாள் கணக்கில் கிடந்தால் சந்தேகப்படு. கிண்ணத்தின் அடியில் கறுப்புப் புள்ளிகள் மூழ்கிக் கிடந்தால் சந்தேகமே இல்லை. பாம்பைக் கையில் எடுத்து இறக்கிய பிறகு உள்ளங்கையில் புள்ளி ஊர்ந்தாலும் அதேதான். ரத்தம் குறைந்து பிராணி சோர்ந்து போகும், சாப்பிடாது. கிருமிகளையும் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குச் சுமந்து போகும். மனிதர்களைக் கடித்துத் தடிப்பு வந்ததும் உண்டு.

இதன் வாழ்க்கையைப் புரிந்துகொள்ளாமல் இதை ஒழிக்க முடியாது. இது முட்டையிடுவது பாம்பின் மேல் அல்ல. குடித்து முடித்ததும் இறங்கி, தொட்டியின் மூலை, மரக்கட்டையின் வெடிப்பு, சிலிக்கான் ஒட்டிய இடுக்கு என்று இருட்டாக ஈரமாக உள்ள இடம் தேடிப் போகும். ஒரு பெண் பூச்சி வாழ்நாளில் 60 முதல் 80 முட்டை வரை இடும். முட்டை சில நாளில் பொரியும். பொரிந்தது வளர்ந்து முட்டையிடும் நிலைக்கு வர இரண்டு மூன்று வாரம் போதும். அதற்குப் பிடித்த ஈரப்பதம் 70 முதல் 90 சதவீதம். நம் ஊர்க் காற்றே அதுதான். ரத்தம் கிடைக்காமலும் வாரக்கணக்கில் காத்திருக்கும் என்பதால், தொட்டியைப் பத்து நாள் காலியாகப் போட்டுவிட்டேன், செத்திருக்கும் என்று நினைக்காதே.

ஆகவே வேலையைப் பிராணியிடம் தொடங்காமல் தொட்டியில் தொடங்கு. பாம்பை ஒரு பிளாஸ்டிக் டப்பாவுக்கு மாற்று. மூடியில் காற்றுத் துளை, அடியில் வெள்ளைத் தாள், ஒரு தண்ணீர்க் கிண்ணம், ஒளிந்துகொள்ள ஒரு அட்டைப்பெட்டி, இவ்வளவு போதும். தாள் வெள்ளையாக இருந்தால் ஒரே ஒரு பூச்சி இருந்தாலும் தெரியும். செய்தித்தாளில் எழுத்துக்கு நடுவே அது ஒளிந்துவிடும். பழைய தொட்டியில் இருந்த துகள், மரப்பட்டை, அட்டை எல்லாவற்றையும் பையில் கட்டி வாயை இறுக்கிக் குப்பைக்கு அனுப்பு. கொல்லையில் கொட்டாதே. அங்கே சாரைப்பாம்பு வந்து போகிறது, அதுவும் பாம்புதான். மரக்கட்டை எவ்வளவு அழகாக இருந்தாலும் தூக்கிப் போடு, வெடிப்புக்குள் இருக்கும் முட்டையை யாராலும் கழுவ முடியாது. கல்லையும் மண்சட்டியையும் கொதிநீரில் போட்டு எடு. கண்ணாடியின் மூலை முடுக்கெல்லாம் பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் வெந்நீரும் சோப்பும் விட்டுத் தேய். கொதிநீரை நேராகக் கண்ணாடியில் ஊற்றினால் விரிசல் விட்டுவிடும், கை பொறுக்கும் சூட்டில் இருந்து மெல்ல ஏற்று. தொட்டி இருந்த மேசை, அதன் பின்சுவர், தரை எல்லாவற்றையும் துடை.

பாம்புக்கு வெதுவெதுப்பான தண்ணீர்க் குளியல். உடம்பு மூழ்கி, தலை தாராளமாக வெளியே இருக்கும் ஆழம், அரை மணி நேரம், பக்கத்திலேயே நீ. உடம்பில் இருப்பவற்றில் பெரும்பகுதி மூழ்கும். தலைக்கு ஏறியவை தப்பும். கண்ணோரத்தில் இருப்பதை ஆலிவ் எண்ணெய் தொட்ட பஞ்சுக் குச்சியால், கண்ணில் படாமல் ஒற்றி எடு. டப்பாவின் தாளை இரண்டு நாளுக்கு ஒரு தடவை மாற்று. இதையெல்லாம் ஒரு வாரம் செய்துவிட்டு, போய்விட்டது என்று பழைய தொட்டிக்கு மாற்றினால் அடுத்த மாதம் திரும்பவும் முதலிலிருந்துதான். கடைசிப் பூச்சியைப் பார்த்த நாளிலிருந்து ஆறு வாரமாவது இந்த ஒழுங்கு நடக்க வேண்டும். அலுப்பான வேலை. குறுக்கு வழி இல்லை.

இது எப்படி வீட்டுக்குள் வந்தது என்று கேட்காதே, நீதான் கொண்டு வந்திருப்பாய். புதிதாக வாங்கிய பிராணியோடு, அது வந்த பெட்டியோடு, கடையில் இன்னொரு பாம்பைத் தொட்டுப் பார்த்த உன் கையோடு. புதிதாக வருவது எதுவானாலும் இரண்டு மாதம் வேறு அறையில், வெள்ளைத் தாளில். பழையதுக்குத் தீனி போட்டு முடித்துவிட்டுத்தான் புதியதிடம் போக வேண்டும்.

நம் வீட்டுச் சுவர்ப் பல்லியைப் பிடித்து விரல் இடுக்கைப் பார்த்தால் சில சமயம் ஆரஞ்சு நிறத்தில் புள்ளிகள் தெரியும். அதுவும் ஒருவகை மைட்ஸ்தான், பல்லிக்கென்றே உள்ளது. வேலி ஓணானிடமும் செம்புள்ளி பார்க்கலாம். அவை அவற்றோடு காலம் காலமாக வாழ்கின்றன, நாம் தலையிட ஒன்றுமில்லை. ஆனால் பாம்புக்குத் தீனி என்று சுவர்ப் பல்லியைப் பிடித்துப் போடுகிற பழக்கம் இருந்தால் இன்றோடு நிறுத்து. வெளியே பிடித்த எதுவும் வெளிப் பூச்சியையும் வயிற்றுப் புழுவையும் சேர்த்தே கொண்டு வரும்.

மைட்ஸைவிட எனக்கு எறும்பிடம்தான் பயம். மைட்ஸ் கொல்ல வாரங்கள் எடுக்கும். செவ்வெறும்புக்கு ஒரு ராத்திரி போதும். வெளியில் உள்ள பல்லி எறும்பைக் கண்டால் ஓடிவிடும், தொட்டிக்குள் உள்ளது எங்கே ஓடும்? தோல் உரிக்கிற பிராணி, குட்டி, பொரியப் போகும் முட்டை, இவற்றுக்கு ஆபத்து அதிகம். எறும்பு ஊர்வனவற்றை என்ன செய்யும் என்பதற்குத் தமிழ்நாட்டிலேயே சாட்சி இருக்கிறது. திண்டுக்கல் மாவட்டம் நத்தம் பக்கத்துக் கரந்தமலை அடிவாரக் கிராமங்களில் 2022-இல் மஞ்சள் பைத்திய எறும்பு பெருகியபோது, ஆடு மாடுகளின் கண் பாதிக்கப்பட்டதாகவும் பாம்பும் பல்லியும் செத்ததாகவும் மக்கள் சொன்னார்கள். அந்த எறும்பு கடிப்பதில்லை, பார்மிக் அமிலத்தைப் பீய்ச்சுகிறது.

எறும்பு வருவது பிராணிக்காக அல்ல, நீ விட்ட மிச்சத்துக்காக. தின்னாமல் விட்ட சில்வண்டு கிண்ணத்துக்கு அடியில் போய்ச் செத்துக் கிடக்கும், அதன் வாசனைக்கு முதலில் குட்டி ஈ வரும், பிறகு எறும்பு வரிசை வரும். உயிரோடு விட்ட சில்வண்டும் நல்லதல்ல, தூங்குகிற பல்லியை இரவில் கடிக்கும். எண்ணிப் போடு, எண்ணி எடு. தொட்டி வைத்த மேசையின் நாலு காலுக்கும் பாட்டி அலமாரிக்குச் செய்த வைத்தியமே போதும்: காலுக்கொரு கிண்ணம், அதில் தண்ணீர், மேலே இரண்டு சொட்டு சமையல் எண்ணெய். எண்ணெய் எதற்கென்றால் அந்தத் தண்ணீரில் கொசு முட்டையிடாமல் இருக்க. மேசை சுவரைத் தொடக் கூடாது. வெப்ப விளக்கின் ஒயர் வழியாகத்தான் எறும்பு பாலம் போடும், ஒயரில் ஓர் அங்குலத்துக்கு வாஸ்லின் தடவு, பிளக்கிலிருந்து தள்ளி. மூடியின் கம்பிவலையை மாதம் ஒரு தடவை பார். கடல் காற்றில் சாதா இரும்பு வலை துருப்பிடித்து ஓட்டை விழும், ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் வலை கொஞ்சம் விலை கூட, வாங்கிவிடு. புற்று எங்கே என்று தெரிந்தால் கேரம் போர்டுக்குப் போடும் போரிக் பவுடரைச் சிட்டிகை அளவு சர்க்கரைத் தண்ணீரில் கலந்து, எறும்பு வரும் வழியில், வீட்டுக்கு வெளியே வை. அதிகம் கலந்தால் எறும்பு வழியிலேயே செத்துவிடும், புற்றுக்குப் போகாது. குழந்தைக்கும் கோழிக்கும் எட்டாத இடம் பார்த்து வை.

சிவப்புக் காது ஆமை வைத்திருக்கும் தங்கைக்குச் சுருக்கமாக. தண்ணீரில் நுணுக்கமாக நீந்தும் வெள்ளைப் புள்ளிகளும் கண்ணாடியில் நெளியும் நூல் புழுக்களும் ஆமையை ஒன்றும் செய்யாது. நீ தீனியை அதிகம் போடுகிறாய் என்று சொல்ல வந்தவை. தனி டப்பாவில் தீனி கொடுத்துவிட்டுத் தொட்டிக்கு மாற்று, பாதி குறையும். கொசுப்புழுதான் கவலை, அதுவும் ஆமைக்காக அல்ல, தெருவுக்காக. டெங்கு கொசு முட்டையிலிருந்து பறக்க ஒரு வாரம், பத்து நாள் ஆகும். நாலு நாளுக்கு ஒரு தடவை தண்ணீரை மாற்றினால் ஒன்றும் பறக்காது. நகராட்சிக் கொசு ஒழிப்புப் பணியாளர் வந்தால் தொட்டியைக் காட்டி, தண்ணீரை மாற்றுகிறேன், இதில் அபேட் கொசுப்புழு மருந்தை ஊற்ற வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லிவிடு. தொட்டியைச் சமையல் தொட்டியில் கழுவாதே. ஆமையின் மேல் சால்மோனெல்லா கிருமி இருக்கலாம், சோப்புப் போட்டுக் கை கழுவு.

வயலில், வாய்க்காலில் கிடைத்த பால் ஆமையில் அட்டை ஒட்டியிருக்கிறது, என்ன செய்வது என்று கேட்டால் பதில் வேறு. அதை வீட்டில் வைக்கவே கூடாது. பால் ஆமை, நட்சத்திர ஆமை, உடும்பு எல்லாம் 1972-ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தில் முதல் அட்டவணையில் இருப்பவை. வனத்துறைக்குச் சொல். பால் பைதான், இகுவானா போன்ற வெளிநாட்டுப் பிராணிகளையும் 2024-இல் வந்த விதிப்படி பரிவேஷ் இணையதளத்தில் பதிய வேண்டும். பதிவு இல்லாத பிராணியை மருத்துவரிடம் கொண்டு போகத் தயங்கித்தான் பலர் கைவைத்தியத்தில் இறங்குகிறார்கள்.

கைவைத்தியத்தில் மிக மோசமானது மாட்டு ஊசி. மாட்டுக்கும் நாய்க்கும் உண்ணிக்குப் போடும் ஐவர்மெக்டின் எந்த மருந்துக் கடையிலும் கிடைக்கிறது, பாம்புக்கும் போடுகிறார்களாமே என்று கேள்விப்பட்டிருப்பாய். பாம்புக்கு மருத்துவர் எடை பார்த்து அளந்து போடுவது வேறு. ஆமைக்கு அது நஞ்சு, உடம்பு செயலிழந்து சாகும். நாய் உண்ணிக்கு அடிக்கும் ஃபிப்ரோனில் ஸ்ப்ரேயையும் மருத்துவர் சொல்லாமல் தொடாதே. எல்லாக் கால்நடை மருத்துவருக்கும் ஊர்வன பழக்கம் இருக்காது, போனில் கேட்டுவிட்டுப் போ. நம் பக்கத்துக்கு ஒரத்தநாட்டில் 2012-இல் தொடங்கிய அரசு கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. போகும்போது அந்தச் செல்லோ டேப் ஒட்டிய தாள், பிராணியின் எடை, தொட்டியின் வெப்பம், ஈரப்பதம், கடைசியாக எப்போது சாப்பிட்டது, இதுவரை நீ என்னென்ன தெளித்தாய் என்ற பட்டியல், இவற்றை எடுத்துப் போ. தெளித்ததை மட்டும் மறைக்காதே, அவர் போடும் மருந்து அதைப் பொறுத்துத்தான்.